சேனை வைத்த விரல்

பிரசவ வார்டில் இருபது வருடங்களுக்கு மேல் நர்ஸாக இருந்துவிட்டேன். பிள்ளையை ஏந்துவது நான், கொடியைக் கட்டுவது நான், துடைத்துத் துணியில் சுற்றுவது நான். சேனை வைக்க மட்டும் எல்லோருக்கும் கன்னியாஸ்திரி வேண்டும். ஆஸ்பத்திரியை அவர்கள் சபைதான் நடத்தியது. வார்டுக்குப் பெரியவரை மதர் என்போம்.

பிறந்த பிள்ளைக்கு முதலில் இனிப்புத் தொட்டுச் சேனை வைப்பவரின் குணம்தான் அதற்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மதர் சர்க்கரைத் தண்ணீரை அனுமதிக்க மாட்டார். தாய்ப்பாலில் விரலை நனைத்து உதட்டில் ஒற்றுவார், அவ்வளவுதான். அதற்கே கோபியிலிருந்து வந்த கவுண்டர் வீட்டு அம்மாக்கள், "ஏனுங்க மதர், நீங்க வெச்சாத்தானுங்க புள்ள பொறுமையா வளரும்" என்று காத்துக்கிடப்பார்கள். ஒருத்தியாவது என்னைக் கேட்டாளா? எனக்கு வயிறு எரியும்.

பிறகு ஆஸ்பத்திரி ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. சிலுவைகள் இறங்கின, அந்த இடங்களில் கை கழுவும் முறையைக் காட்டும் படங்களை ஒட்டினார்கள். மதர் காரமடைப் பக்கம் ஒரு மடத்துக்குப் போனார். எல்லோரும் அழுதார்கள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. இனி வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ்.

அடுத்த வருடம் என் மகளுக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு தயாராக நின்றேன். அவளோ, "அம்மா, மதருக்குப் போன் போட்டுட்டனுங்க. வந்துட்டிருக்காங்க" என்றாள். பெற்ற மகளே!

பாலாடையில் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு அசந்து தூங்கிப்போனாள். கீழேயிருந்து செக்யூரிட்டி போனில் கூப்பிட்டார்.

"மதர் வந்திருக்காங்க. மேல அனுப்பட்டுங்களா?"

"ரூலு எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. பார்வையாளர் நேரத்துக்கு அனுப்புங்க."

இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பேத்தி வாயைத் திறந்து திறந்து மூடினாள். சட்டென்று பாலாடையில் விரலை விட்டு அவள் உதட்டில் வைத்துவிட்டேன். சப்பினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதர் மூச்சு வாங்கியபடி மாடி ஏறி வந்து, கோபம் துளியும் இல்லாமல், தன் விரலை நனைத்து ஒற்றினார். கண் விழித்த மகள் கும்பிட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது பேத்திக்கு மூன்று வயது. அவள் அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் போதும், செருப்பு பறந்து வரும்.

"மதர் சேனை வெச்ச புள்ளைங்கம்மா இது. இது யாரு குணமுங்க?" என்று மகள் தலையில் கைவைத்துக் கேட்டாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.