யாருக்கும் தேவைப்படாத மிலாறு

பின்லாந்துக்கு நான் படிக்கப் போனது விறகைப் பற்றி. உயிர்த்திணிவுத் தொழில்நுட்பத்தில் முதுமாணிப் பட்டம் என்று சொன்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் பிடிபடவில்லை. "வெறகு, சருகு, சாணி, இதுலயிருந்தெல்லாம் சக்தி எடுக்குறது" என்று விளக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வெறகுக்குப் படிப்பா? அப்படிப் பாத்தா இந்த லயத்துப் பொம்பளைங்க எல்லாம் டாக்டராயிருக்கணுமே!"

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிறது. செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து கிடக்கும் தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம். வேலை முடிந்ததும் பெண்கள் அதைக் கட்டித் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். யாரும் அனுமதி கேட்டதில்லை, யாரும் தடுத்ததுமில்லை. காஸ் சிலிண்டர் வந்த வீடுகளிலும் சோறு வேகிறதும் குளிக்க வெந்நீர் காய்கிறதும் மிலாறில்தான். எங்கள் ஊர்க் குளிரில் வெந்நீர் இல்லாமல் யாராவது ஒரு நாள் இருந்து பார்க்கட்டும், அப்போது தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் கட்டுத் தூக்கியிருக்கிறேன்.

ஆய்வுக்கு அந்த மிலாறையே எடுத்துக்கொண்டேன். அதை எரித்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு வேண்டிய சூட்டைப் பெற முடியுமா என்பது கேள்வி. விடுமுறையில் ஊருக்கு வந்து, தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கி, கவ்வாத்து வெட்டிய அன்றே மலையில் கிடந்ததை எடைபோட்டேன். அம்மா வேலைக்குப் போகாமல் வந்து கட்டுக் கட்டித் தந்தார். தராசைத் தொங்கவிட்ட கம்பின் ஒரு முனை அவர் தோளில், மறுமுனை என் தோளில். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எம்புள்ள கணக்கெடுக்குது, தள்ளி நில்லுங்க" என்று அதட்டல் வேறு. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தவறைப் பின்லாந்துக்குத் திரும்பிப் போய், மேசை முன் உட்கார்ந்துதான் செய்தேன். அட்டவணையில் 'இப்போதைய பயன்பாடு' என்று ஒரு கட்டம். வீட்டு விறகு என்று என் பேராசிரியரிடம் சொன்னேன். அதற்குப் பதிவேடு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பதிவில் இல்லாததை மொத்தத்திலிருந்து எப்படிக் கழிப்பது என்றார். அவர் நாட்டில் காட்டில் விழுகிற கொப்புக்கும் கணக்கு இருக்கிறது. எங்கள் மலையை அவர் கண்டாரா என்ன? அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டு வருகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொன்னால் இன்னொரு பயணம், படிப்பும் ஆறு மாதம் இழுக்கும். கழிக்காமல் விட்டால் தொகை பெரிதாக, அழகாக நிற்கும். 'பயன்படுத்தப்படாத கழிவு' என்று எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. அந்தத் திமிரில் துரைக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தேன்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வீடியோவில் அழைத்தேன். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"மிலாறு எடுக்கக் கூடாதாம் புள்ள. எல்லாம் பெக்டரிக்காம். கட்டோட வந்த பொம்பளைங்கள கணக்கப்புள்ள மறிச்சு, எறக்கி வைக்கச் சொல்லிட்டாரு. கேட்டா, படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணி எழுதிக் குடுத்திருக்காங்களாம், இது யாருக்கும் தேவப்படாத கழிவுன்னு. யாருக்கும் தேவப்படாததாமே! எந்தக் கட்டையில போறவன் எழுதுனானோ, அவன் வீட்டு அடுப்புல பூனை தூங்க!"

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எழுதியது யார் என்று துரை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை போலிருந்தது. ஆனால் அம்மா நிறுத்தவில்லை.

"நாளைக்குக் காலையில பெரட்டுல எல்லாரும் சேந்து தொரையக் கேக்கப் போறோம். நாந்தான் முன்னால நின்னு பேசப் போறேன். எவன் எழுதுனான், பேரச் சொல்லுங்கன்னு நேராவே கேப்பேன்."

பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், அத்தனை பேருக்கு முன்னால், துரையின் வாயிலிருந்து என் பெயரை அம்மா கேட்க வேண்டிவரும்.

"அம்மா, அது நாந்தாம்மா. நான் எழுதுனதுதான்."

அவருக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நாம் எடைபோட்டோமே, அதுதான் என்றேன். கழிவு என்று எழுதியதைச் சொன்னேன். கட்டம், பதிவேடு, பேராசிரியர் என்று ஏதேதோ உளறினேன். திருத்தி எழுதி இன்றைக்கே துரைக்கு அனுப்புகிறேன் என்றேன்.

"ஒனக்குத் தெரியாதா புள்ள?" என்றார் அம்மா. "நீயுந்தானே தூக்குன?"

"தெரியும்மா."

தெரியாது என்று சொல்ல முடிந்திருந்தால் திட்டிவிட்டு மன்னித்திருப்பார். தெரிந்துதானே செய்தேன், பாவி.

"சரி, அனுப்பு. காலையில பெரட்டுக்கு முன்னாடி தொரைக்குப் போன் போட்டும் சொல்லிரு" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பின்னால நின்னுக்கிறேன். முன்னால வேற யாராச்சும் பேசட்டும்."