உங்க பாட்டைப் பாருங்க

பூநாரைகளை வெடி வைத்து விரட்டினார்கள் என்று சொன்னால் காலேஜில் என்னோடு படித்தவர்களே நம்பவில்லை. "சுட்டாங்களா?" என்று கேட்டார்கள். சுடவில்லை. சுட்டால் கேஸ் ஆகும் என்று தெரியாத முட்டாள்கள் இல்லை விரட்டியவர்கள். வெறும் சத்தம்தான். தீபாவளிக்கு அணுகுண்டு என்று விற்பார்களே, அந்த வெடி. விடிந்ததும் கரையில் நின்று ஒன்றைக் கொளுத்திப் போடுவார்கள். சேற்றில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கிற மொத்தக் கூட்டமும் அலறிக்கொண்டு எழும்பும். சுற்றிச் சுற்றி வந்து மறுபடி இறங்கப் பார்க்கும். இறங்குவதற்குள் இன்னொன்று.

எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதம் நடந்தது இது. நான் அப்போது பொன்னேரியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். ஊர் பசியாவரம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற தீவு. ஊரைத் தாண்டி ஏரி ஒரு பக்கம் ஆழமே இல்லாமல் முழங்கால் அளவு சேறாகக் கிடக்கும். அந்தச் சேற்றில்தான் நாரைகள் மேயும். அதே சேற்றில்தான் இறால் குஞ்சு வளரும். மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு அந்த இடத்தின் மேல் கண். சுற்றிலும் கரை போட்டு, தண்ணீரை அடைத்து, இறால் பண்ணை வைக்கப் போகிறார்களாம். முன்னேற்றமாம். யாரையும் கேட்காமல் முளைக்குச்சி அடித்து சிவப்புத் துணியும் கட்டிவிட்டார்கள்.

வெடி எதற்கு என்று எங்களுக்கு முதலில் புரியவில்லை. வந்து சொன்னவன் பழவேற்காட்டுக் கூட்டாளி, காலேஜில் என் பெஞ்சுக்காரன். அவன் மாமாவுக்கு பஜாரில் கடை. தீபாவளிக்கு விற்காமல் மிஞ்சிப்போன வெடியையெல்லாம் கம்பெனி ஆள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"தை மாசத்துல இன்னாத்துக்கு இவ்ளோ வெடின்னு மாமா கேட்டார்டா. அந்த ஆளு சிரிக்கிறான். எடத்த பாக்க அடுத்த வாரம் ஆபீசர் வர்றாராம். பறவை எதனா கீதான்னு பாத்து எழுதணுமாம், இருந்தா பண்ணைக்கு பர்மிஷன் கெடையாதாம். அவரு வர்ற அன்னிக்கு ஒண்ணு கூட இருக்கக்கூடாதாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. விரட்டிவிட்டு, இங்கே பறவையே இல்லை என்று எழுதி வாங்குவதா! குடியிருக்கிறவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு வாசலில் 'காலி வீடு' என்று போர்டு மாட்டுகிற மாதிரி.

ஊர்க்கூட்டத்தில் சொல்லலாம் என்றால் எனக்கு அங்கே வாய் கிடையாது. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஏரியில் வலை போடுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். எந்தப் பாட்டில் எந்த நாள் யார் இறங்குவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். முறைக்காரனைத் தவிர வேறு எவன் உள்ளே வந்தாலும் தண்டம் கட்ட வேண்டும். கல்யாணமான ஆம்பளைக்குத்தான் பாடு உண்டு. பாடு இல்லாதவன் கூட்டத்தில் ஓரமாக நிற்கலாம், பேசக்கூடாது. பி.எஸ்சி. படித்தாலும் சரி, கலெக்டருக்கே படித்தாலும் சரி.

எங்கள் செட்டில் கல்யாணமானவன் ஒருத்தன்தான். எட்டாவதோடு நிறுத்தியவன், அதற்கு முந்தின ஆவணியில் தாலி கட்டியிருந்தான். அவனையும் இழுத்துக்கொண்டு மூன்று பேருமாகப் படகேறி, பஸ் பிடித்து, டவுனில் இருந்த அந்த ஆபீசரின் ஆபீசுக்கே போனோம். சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். நான் பாதி இங்கிலீஷில் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆபீசர் ஃபைலில் இருந்து தலையை எடுக்கவே இல்லை.

"என்ன படிக்கிற?"

"பி.எஸ்சி. சார்."

"பரீட்சை எப்ப?"

"ஏப்ரல்ல சார்."

"அப்ப போய்ப் படி. கொக்கு, நாரைன்னு ஏன் சுத்துற? அதெல்லாம் கவர்மென்ட் பாத்துக்கும். நீங்க உங்க பாட்டைப் பாருங்க."

வந்த வழியைப் பார்த்துப் போங்கடா என்று அர்த்தம். இதை நாகரிகமாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். திருப்பாலைவனம் வந்தும் நிறுத்தவில்லை. கல்யாணமானவன் மட்டும் சந்தோஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாத்துக்குடா கத்திக்கினே வர்ற? அதான் சொல்ட்டாரே."

"இன்னா சொன்னாரு?"

"நம்ம பாட்ட நாமளே பாத்துக்க சொல்ட்டாரே. கவர்மென்டே சொன்னப்புறம் வேற இன்னா வோணும் ஒனக்கு?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் கேட்டிருந்தது அவன் காதில். பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த பாடு ஒன்றே ஒன்றுதான், வலை போடுகிற பாடு. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பழவேற்காட்டுக்காரன் என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தான்.

"மூட்றா. கூட்டத்துல அவனையே பேச வுடு."

கூட்டத்தில் முதலில் பேசியது என் நைனா. "பண்ணை வந்தா நாலு பேருக்கு வேலை. எனக்கே காவக்காரன் வேலை தர்றேன்னு சொல்லிக்கீறாங்க" என்றார். நிறைய தலைகள் ஆடின. நான் ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இவன் எழுந்தான்.

"வேலை வரட்டும் மாமா, நான் வோணாங்கல. ஆனா நாங்க ஆபீசர பாத்தோம். நீங்க உங்க பாட்டைப் பாருங்கன்னு தெளிவா சொல்ட்டாரு. தோ, இவனுங்க ரெண்டு பேரும் சாட்சி."

எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையாட்டினோம். ஒரு வார்த்தை பொய்யில்லையே!

"அப்போ நம்ம பாட்டாண்ட வெடி போட அவனுங்களுக்கு யாருய்யா முறை குடுத்தா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், கூட்டம் பற்றிக்கொண்டது. கூப்பாடு, கெட்ட வார்த்தை. அன்றன்றைக்கு முறைக்காரன் எவனோ அவன் படகு அந்தச் சேற்றோரம் நிற்க வேண்டும், வேறு எவனையும் விடக்கூடாது, துணைக்கு இளவட்டங்களும் போகலாம் என்று முடிவானது. நாரைக்காக ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதில் வயிற்றெரிச்சல்தான். இத்தனை வருஷமாக நம் தண்ணீரில் நம்மோடு மேய்கிற ஜீவன், அதற்குப் பேச ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் கிடைத்ததை விடுவேனா? மறுநாள் விடியும்போது முதல் படகில் நான்தான் இருந்தேன்.

வெடிக்காரன் மூட்டையோடு தோணியில் வந்தான். குறுக்கே படகை விட்டோம்.

"டேய், ஏரி இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?"

"ஆமாண்ணே, சீட்டெடுத்து வந்த சொத்து" என்றான் கல்யாணமானவன். "நீயும் எங்கூர்ல பொண்ணு கட்டிக்க. ஒனக்கும் ஒரு முறை வாங்கித் தர்றேன்."

"படிச்ச புள்ளைங்க மாரியா பேசறீங்க? பேஜார் பண்ணாம வழிய வுடு."

"நான் எட்டாவதுதாண்ணே. படிச்சவன் இவன். இவன் வாயத் தொறந்தா இன்னும் அசிங்கமா இருக்கும்."

பேச்சுவாக்கில் பழவேற்காட்டுக்காரன் துடுப்பால் தண்ணீரை ஒரு வாரு வாரினான். மூட்டை தொப்பலாக நனைந்தது. மாமா கடைச் சரக்கு!

வெடி நின்றும் நாரைகள் உடனே வரவில்லை. உயரத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டன. ஆபீசர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. அவர் வரும்போது சேறு காலியாகக் கிடந்தால் கம்பெனிக்காரன் சொன்னதுதான் உண்மையாகிவிடும். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நாலைந்து இறங்கின. படகில் ஒருத்தரும் இருமக்கூட இல்லை. அதற்கடுத்த காலையில் சேறு தெரியவில்லை. வெள்ளையும் ரோஸும்தான்.

ஆபீசர் வந்தார். கம்பெனி ஆள் அவருக்குக் குடை பிடித்தான். "இன்னிக்குன்னு பாத்து எங்கிருந்தோ வந்துடுச்சி சார்" என்று பல்லை இளித்துக்கொண்டே கையைத் தட்டினான். தூரத்தில் மேய்ந்தவை தலையைத் தூக்கக்கூட இல்லை.

ஆபீசர் எங்களைப் பார்த்து முறைத்தார். "யார் உங்களை இங்க காவல் நிக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றான் கல்யாணமானவன், பயபக்தியோடு. "எங்க பாட்ட எங்கள பாக்க சொன்னீங்களே. இதான் சார் எங்க பாடு."

அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. சேற்றைத் திரும்பிப் பார்த்தார். "சரி, இருக்குது. இருக்குதுன்னுதான் எழுதணும்" என்றார், எங்களுக்கு ஏதோ தானம் பண்ணுகிற மாதிரி. கண் முன்னால் நிற்கிறதை நிற்கிறது என்று எழுத ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கஷ்டமா? ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டுமா? ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்ட ஒருத்தன் எங்களோடு இல்லாமல் போயிருந்தால்?

பண்ணை வரவில்லை. முளைக்குச்சிகளை எடுக்கச் சொல்லி எந்த ஆர்டரும் வரவில்லை. நாங்களே பிடுங்கிப் போட்டோம்.

நைனா என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. பேசினபோது முதலில் கேட்டது, "நாரையா ஒனக்கு சோறு போடப் போவுது? யூனிஃபாரம்கூட தர்றேன்னான்டா எனக்கு."

"யாரு வராம காக்கற வேலை நைனா அது? அந்தச் சேத்துலதான் அம்மா கையால எறா தடவிப் புடிக்குது. அம்மாவ வெரட்டியிருப்பியா?"

நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"ஒங்கம்மாவ வுட்டுருப்பேன்டா. மத்த பொம்பளைங்கள எப்படி வுட முடியும்? சம்பளம் குடுக்கறான்ல?"

வெடிக்காரன் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அந்தக் கோபம் நைனா மேலும் இல்லை. ஒரு காக்கிச் சட்டையைக் காட்டி, இந்த மனுஷன் வாயில் இப்படி ஒரு பதிலை வரவழைக்க முடிந்ததே அந்தக் கம்பெனிக்காரர்களால்.