அத்தைக்கு மேலே ஒரு மேனேஜர்

ராசிங்காபுரத்திலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்கள் எஸ்டேட்டுக்கு மேனேஜர் எப்போதும் வெளியூரிலிருந்துதான் வருவார். போன வருஷம் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, பி.காம். படித்த என்னையே மேனேஜராக்கப் போடியில் ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்.

"மூணு மாசம் பாரு. சரிவரலேன்னா பழையபடி வெளியாளக் கொண்டாந்துருவேன்" என்றார்.

சொந்தபந்தம் பார்க்காதே, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்து என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்து, முதல் நாளே பதிவேட்டை விரித்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். ஐந்தாவது பெயர் என் மாமியாருடையது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஒருதரம்கூட நான் சொல்லாத பெயர். மறுநாள் அத்தை ஜீப்பில் ஏறவில்லை. அவருக்காக இன்னும் ஏழு பேர் ஏறவில்லை. செடியில் காய் பழுத்து நிற்கிற நேரம்.

கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். அதிலிருந்து அத்தை, சின்னம்மா, மதினி என்று முறை சொல்லித்தான் வருகை எடுத்தேன். ஆனால் அத்தையின் கூடையில் பாதி பிஞ்சு. காய்ந்தால் சுருங்கிப்போகும். மருமகள் அதை எப்படிச் சொல்வது?

எங்கள் பக்கம் மதினி முறையுள்ளவர்கள் ஒருவரையொருவர் என்ன கேலி செய்தாலும் கோபிக்கக் கூடாது. அத்தையின் தம்பி மனைவியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நேரே போய் அத்தையின் கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்ன மதினி, பால்குடி மறக்காததையெல்லாம் தூக்கிட்டு வந்துட்டீக?"

சரிவு முழுக்கச் சிரிப்பு. அத்தையும் சிரித்துவிட்டார். மறுநாள் கூடையில் பிஞ்சைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகென்ன! யாரிடம் குறை இருந்தாலும், அவரைக் கேலி பேசும் முறையுள்ளவரைத் தேடிப் பிடிப்பதே என் மேனேஜர் வேலை ஆயிற்று. எங்களோடு காய் பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த பெண்களுக்கும் ஆளுக்கொரு முறை வைத்தோம். அவர்கள் தமிழில் முதலில் கற்றது கேலிதான்.

மூன்று மாதம் முடிந்த அன்று முதலாளி வந்தார். உலர்ந்த காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தவர், என்னை விட்டுவிட்டு அத்தையிடம் கேட்டார், "என்னம்மா, இவளே இருக்கட்டுமா? வெளியாளக் கொண்டாரவா?"

அத்தை சேலையை உதறிக்கொண்டார்.

"வீட்டுல நான் சொல்ற வேல ஒண்ணும் இவ காதுல ஏறாது. இங்க எங்கிட்ட நல்லா வேல வாங்குறா. இவளே இருக்கட்டும்யா."