நான் எடுக்காத பேட்டி

எண்பதுகளில் தபால் வழியில் எம்.ஏ. படித்தேன். மலைமக்களின் சொலவடைகள் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். சீனியர் ஒருவரின் கட்டுரையில் வெள்ளக்கடை என்ற மலையூரின் நஞ்சம்மாளுடைய பேட்டி இருந்தது. அதை அப்படியே என்னுடையதாக எழுதி, ‘போன மாதம் என்னிடம் சொன்னார்’ என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒட்டுவதற்கு அவர் போட்டோ மட்டும் வேண்டியிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கினால், பகலிலேயே எதிரே வரும் ஆள் தெரியாத பனி. விசாரித்துப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தார்.

“அம்மா இருக்காங்களா? போன மாசம் நொம்ப நேரம் பேசிட்டிருந்தோமுங்க” என்றேன், கூசாமல்.

“அம்மா செத்து ரெண்டு வருசமாச்சுங்களே.”

விரட்டுவார் என்று நினைத்தேன். அவரோ கதவை அகலத் திறந்தார். என்னோடு பனியும் உள்ளே வந்தது.

“எங்கம்மா உங்ககிட்ட வந்துச்சுங்களா?” குரல் தாழ்ந்தது. “என்கிட்ட ஒருநாளும் வரலீங்களே. என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?”

ஆமாம் என்றால் தப்பித்திருக்கலாம்.

“நான் பேசலீங்க அக்கா. வேறொருத்தர் பேசினதைத் திருடி எழுதிட்டேனுங்க.”

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. என் பக்கத்தில் காலியாக இருந்த முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து, கட்டுரையில் சீனியரின் பெயரை எழுதினேன். இன்றைக்கும் ஒருவர் சொன்னதை எழுதும்போது, அதை யாரிடம் சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன். விட்டுவிட்டால் அந்த முக்காலி கண்முன் வந்து நிற்கிறது.