ஹெக்டருக்கு ஓர் அர்ச்சனை

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் எனக்கு வேலை. கனடாவில், மிசிசாகா விமான நிலையத்துக்குக் கிட்ட. மார்ச் மாதம் முடியப்போகிறது என்றால் எங்கள் சாப்பாட்டு அறையில் சத்தம் அடங்கிவிடும். எல்லோரும் கைத்தொலைபேசியில் குனிந்து பேஸ்போல் ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டுக்கொண்டிருப்பார்கள். மைதானத்தில் உண்மையாக ஆடுகிறவர்களை இவர்கள் தங்கள் கற்பனை அணிக்கு எடுத்துக்கொள்வார்கள். எடுத்த ஆள் எங்கேயோ ஒரு நகரத்தில் பந்தை அடித்தால் இங்கே இவருக்குப் புள்ளி. அடித்தவருக்கு இது எதுவும் தெரியாது. இந்த வருடமும் என்னைக் கேட்டார்கள். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறந்தேன். இவனுக்குப் பேஸ்போல் எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

என் அணியில் இருந்த ஒருவருக்கு ஸ்காபரோவில் அர்ச்சனையே நடந்திருக்கிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

எனக்கு அப்போது பதினொரு வயது. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஏழாம் தளத்துக்கு நாங்கள் குடிவந்து ஒரு குளிர்காலம் முடிந்திருந்தது. ஊரில் ஐந்தாம் வகுப்புப் படித்து முடித்திருந்தேன். இங்கேயும் சில வருடங்கள் வகுப்பில் இருந்தேன்தான். ஆனால் அதைப் படிப்பு என்று சொன்னால் அந்த ஆசிரியர்களே சிரிப்பார்கள். நான் வாய் திறப்பதில்லை. இடைவேளையில் மதிலோரம் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டுவேன். மணி அடிக்கும்வரை ஒரே நாடாவைத்தான் கட்டிக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்கு ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும்.

“இண்டைக்கு ஆரோட விளையாடினனீ?”

“ஒருத்தரோடையும் இல்லை.”

அதைக் கேட்டதும் அம்மாவின் கை கழற்றிய சப்பாத்தோடு அப்படியே நிற்கும். பிள்ளை ஊமையாகிவிடப்போகிறான் என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா இரவு வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் ஓம் என்பார். கடைசியில் அம்மாவே ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். தெரிந்த மாஸ்டர் ஒருவர் பிள்ளைகளைத் தமிழ்ப் பேச்சுப்போட்டிக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறை தொடங்க முன்னர் எனக்கு ஒரு கூட்டாளியாவது கிடைக்காவிட்டால் என்னை அங்கே கொண்டுபோய் விடுவது என்று அம்மா தீர்மானித்துவிட்டார். ஐந்நூறு பேருக்கு முன்னால், கழுத்துப்பட்டி கட்டி, கையை நீட்டி, “அவையோர்களே” என்று நான் கத்துவதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு இரவு காய்ச்சல் அடித்தது.

அந்த நாட்களில்தான் மின்தூக்கியில் யூட் என்னைப் பிடித்தான். மூன்றாம் தளத்தில் இருந்த மன்னார்ப் பொடியன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். கட்டடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவன்தான் தலைவன். அப்படி யாரும் அவனைத் தெரிவுசெய்ததாகத் தெரியவில்லை.

“உன்ர அப்பாவே விடிய பேப்பரோட வாறவர்?”

அப்பா ஒரு கோப்பிக்கடையில் இரவில் தரை துடைத்தார். விடியற்காலையில் யாராவது வாசித்துவிட்டுப் போடும் அன்றைய பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வருவார். நான் ஓம் என்றேன்.

“அப்ப நீயும் லீக்கில.”

விஷயம் இதுதான். யூட்டும், திரினிடாட்டுக்காரனான கெவினும், பிலிப்பைன்ஸ்காரனான மார்க்கோவும் கற்பனை அணி ஆட ஆசைப்பட்டார்கள். அப்போது இணையம் ஒன்றும் இல்லை. யார் எத்தனை அடித்தார்கள் என்ற முழுக் கணக்கும் சனிக்கிழமைப் பத்திரிகையில்தான் வரும். மூன்று வீட்டிலும் பத்திரிகை வாங்குவதில்லை. எங்கள் வீட்டில் அது சும்மா வந்தது. அதனால் நான் நாலாவது ஆள். அவர்கள் என்னைப் ‘பேப்பர்’ என்றே கூப்பிட்டார்கள். என் பெயரைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நானும் சொல்லவில்லை.

அணி தெரிவு கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் லோன்றி அறையில் நடந்தது. உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தின் மேல் யூட் ஆட்டக்காரர்களின் படம் போட்ட தன் பேஸ்போல் காட்டுகளைப் பரப்பிவைத்தான். ஆளுக்கு ஒன்பது ஆட்டக்காரர்கள். தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கியதில் எனக்குக் கடைசி இடம். மற்ற மூவரும் யாரை எடுப்பது என்று முதல் நாளே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குக் கிரிக்கெட் தெரியும். பேஸ்போலில் அடித்துவிட்டு மட்டையை ஏன் எறிந்துவிட்டு ஓடுகிறார்கள் என்பதே தெரியாது. அதனால் முகத்தைப் பார்த்து எடுத்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார் போலத் தோன்றிய முகங்களை எடுத்தேன். முதலில் ஹெக்டர். பெரிய மீசை. கமராவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் நம்முடைய ஆள் என்று பட்டது.

“டேய், உவன் கிழவன்ரா! முப்பத்தாறு வயசு!” என்று யூட் தலையில் அடித்துக்கொண்டான். கெவினும் மார்க்கோவும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒன்பதாவதாக நான் எடுத்தவர் போன வருடமே ஆட்டத்தை விட்டு ஓய்வு பெற்றவர். அந்தப் பழைய காட்டை யூட் ஏன் அங்கே வைத்திருந்தான் என்று நான் கேட்கவில்லை. எடுத்தால் எடுத்ததுதான், மாற்ற ஏலாது என்றான். அந்தப் பருவம் முழுவதும் அவர் எனக்காக ஒரு பந்தையும் அடிக்கவில்லை. ஒரு பிழையும் விடவில்லை.

அன்று மாலை அம்மா வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கேட்டார். எனக்குக் கழுத்துப்பட்டியும் அவையோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

“ஹெக்டரோட” என்றேன்.

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நாங்கள் கனடாவுக்கு வந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அடுத்த நாள் லூயிஸ். அதற்கடுத்த நாள் வில்சன். இரண்டு வாரத்தில் ஒன்பது பேரும் என்னுடைய கூட்டாளிகளாகிவிட்டார்கள். பத்திரிகையில் வந்ததைத்தான் நான் சொன்னேன். அந்த வகையில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

“ஹெக்டர் இண்டைக்கு நாலு தரம் அடிச்சவன் அம்மா.”

“ஆரை?”

“பந்தை.”

“அப்ப சரி.”

சனிக்கிழமை காலையில் அம்மா அரை நாள் வேலைக்குப் போனதும் நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு லோன்றி அறைக்கு இறங்குவேன். நாலு பேரும் தரையில் படுத்து எண்களைக் கூட்டுவோம். எனக்குக் கூட்டல் நன்றாக வரும். யூட் பிழைவிட்டால் நான் விரலால் காட்டுவேன். அவர்கள் சண்டைபிடிப்பார்கள், ஒருவரையொருவர் ஏசுவார்கள், என்னையும் சேர்த்து ஏசுவார்கள். பிறகு நான் பத்திரிகையை மடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவேன். இதைப்பற்றி அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் பத்திரிகைக்காக வந்தவர்கள்.

ஜூன் மாதம் என் பிறந்தநாள் வந்தது. அது ஒரு சனிக்கிழமை. அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒன்பது பேரையும் வரச்சொல்லு என்றார். விரல் மடித்துப் பெயர்களைச் சொன்னார். ஒன்றும் விடுபடவில்லை. என் அணியை என்னைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் பத்திரிகையின் உதவியை நாடினேன். லூயிஸ் வரமாட்டான், அவனை வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன். உண்மை. தாய்தகப்பனுக்கு அங்கை வேலை கிடைச்சிருக்கும் என்றார் அம்மா. வில்சனைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்றேன். அதுவும் உண்மை. ஆட்டம் சரியில்லை என்று சின்ன லீக்குக்கு அனுப்பியிருந்தார்கள். “பாத்தியே, படிக்காட்டி உதுதான் நடக்கும்” என்று எனக்கு ஒரு குட்டு விழுந்தது. ஒன்பதாவது ஆள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றபோது அம்மா வாயில் கைவைத்தார். “பன்ரெண்டு வயசிலையோ?”

ஹெக்டருக்கு முழங்கையில் நோவு, இரண்டு கிழமையாக ஆடவில்லை என்றேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

“ஏன்ரா உதை இவ்வளவு நாளும் சொல்லேல்லை? எண்ணெய் போட்டு உருவினவையோ?”

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அந்தக் காலத்தில் கோயில் ஒரு பண்டகசாலைக்குள் இருந்தது. ஒரு பக்கம் கார் திருத்துகிறவர்கள், மறுபக்கம் கம்பளம் விற்கிறவர்கள். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார்.

“ஹெக்டர்” என்றார் அம்மா.

ஐயர் ஒருமுறை அம்மாவைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். “நட்சத்திரம்?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

“தெரியாட்டிப் பரவாயில்லை, சுவாமி பேருக்குச் செய்வம்” என்றார் ஐயர்.

“சுவாமிக்குக் கை நோகேல்லை ஐயா. பிள்ளைக்குத்தான் நோகுது.”

பின்னால் வரிசை நீண்டது. அம்மா யோசித்துவிட்டு, இவன்ர வயசுதானே, இவன்ர நட்சத்திரத்தையே சொல்லுங்கோ என்றார். ஐயர் கண்ணை மூடி, பூச நட்சத்திரத்தில் பிறந்த ஹெக்டர் நாமதேயஸ்ய என்று தொடங்கினார். அந்த இடத்தில் அவர் குரல் சற்றுத் தடுக்கியது. மணி அடித்தது. முப்பத்தாறு வயதும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு மனிதரின் முழங்கைக்காக என் அம்மா உருகி நின்று கும்பிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே எனக்குப் புதுச்சட்டை போட்டுக் கதிரையில் இருத்திவிட்டார். ஐம்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ். கேக். மேசையில் பத்துத் தட்டு. கை நோகிற ஹெக்டர் தவிர இரண்டு மூன்று பேராவது வருவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. ஒருவரும் வரமாட்டார்கள் என்பது என்னுடைய கணக்கு. கீழே போகவும் வழியில்லை. பதினொரு மணியானது. ரோல்ஸின் மேல் அம்மா ஒரு துணியைப் போட்டு மூடினார். இரண்டு முறை ஜன்னலால் எட்டிப் பார்த்தார். இனி உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் வாயைத் திறந்தபோது கதவு தட்டுப்பட்டது.

அம்மா ஓடிப்போய்த் திறந்தார். யூட், கெவின், மார்க்கோ.

“அன்ரி, பேப்பர் எங்கை?” என்றான் யூட்.

அப்பா இரவு வேலையால் வந்து நித்திரை. பத்திரிகை சோபாவில் கிடந்தது. மூவரும் உள்ளே வந்து, வேறு எதையும் பார்க்காமல், அதைக் கம்பளத்தில் விரித்துப் படுத்துவிட்டார்கள். அடுத்த நிமிடம் கெவின் கத்தினான். ஹெக்டர் நேற்றிரவு ஆட்டத்துக்குத் திரும்பி வந்து, கிரிக்கெட்டில் ஆறு அடிப்பதுபோல, இரண்டு ஹோம் ரன் அடித்திருந்தார்.

அந்தப் பெயர் அம்மாவின் காதில் விழுந்தது. சுவாமிப் படத்தடியில் இருந்து மடித்த விபூதிச் சரையை எடுத்துவந்து யூட்டின் கையில் வைத்தார்.

“தம்பி, நீங்கள் ஹெக்டரைக் கண்டால் உதைக் குடுங்கோ. கையிலை பூசச் சொல்லுங்கோ.”

“ஹெக்டருக்கோ? அன்ரி, உங்கை நிக்கிறான் பாருங்கோ.” யூட் பத்திரிகையில் இருந்த படத்தில் விரலை வைத்தான்.

அம்மா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இவருக்கு என்ன வயசு?” என்று கேட்டார். ஹெக்டர் ஒரு நொடியில் ‘இவர்’ ஆகிவிட்டதை நான் கவனித்தேன். என் காது சுட்டது.

“முப்பத்தாறு, அன்ரி.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் கம்பளத்தைப் பார்த்தேன். அதற்குள் யூட்டுக்கு விபூதி விளங்கிவிட்டது. அவன் துள்ளி எழும்பி மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் விளக்கினான். மூவருக்கும் அப்படியொரு கோபம் வந்தது. இது கள்ளாட்டம், அந்த இரண்டு ஹோம் ரன்னையும் கழிக்கவேண்டும் என்று கெவின் நின்றான். மார்க்கோ தன்னுடைய பந்து எறிகிறவருக்கும் கோயிலில் ஏதாவது செய்ய முடியுமா என்று அம்மாவிடம் இரகசியமாகக் கேட்டான். கடைசியில் யூட் பத்திரிகையின் ஓரத்தில் லீக்கின் புது விதியை எழுதினான்: கோயில் கூடாது. சற்று யோசித்துவிட்டு, அந்தோனியாரும் கூடாது என்று சேர்த்தான். அவன் அதுவரை தன் அணிக்காக மெழுகுதிரி கொளுத்திவந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அம்மா துணியை நீக்கினார். “சரி, சண்டைபிடிச்சது காணும். ரோல்ஸ் ஆறுது” என்றார். யூட் எனக்குப் பிறந்தநாள் என்று கேக்கைப் பார்த்துத்தான் அறிந்தான். கேக்கில் இருந்த என் பெயரை மூவரும் சத்தமாக வாசித்தார்கள். ஐம்பது ரோல்ஸில் மிஞ்சியது நாலு. பின்னேரம் ஐந்து மணிவரை இருந்து கூட்டினார்கள், சண்டைபிடித்தார்கள், என் புதுச்சட்டையில் சோஸை ஊற்றினார்கள். போகும்போது கெவின் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடுத்த சனி பேப்பர் வேண்டும் என்றான்.

அவர்கள் போனபிறகு அம்மா தட்டுகளைப் பொறுக்கினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

“இண்டைக்கு ஆரோட விளையாடினனீ?”

ஏச்சு இனித்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். இனிமேல் பொய் சொல்வதில்லை என்று நான் மத்தியானமே முடிவுசெய்திருந்தேன்.

“ஒருத்தரோடையும் இல்லை” என்றேன்.

அம்மா திரும்பினார். கையில் அடுக்கியிருந்த எண்ணெய்த் தட்டுகளைப் பார்த்தார். கம்பளத்தில் கிடந்த பத்திரிகையையும் அதன் ஓரத்தில் இருந்த விதியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தட்டுகளோடு குசினிக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினார். கேட்கவில்லை. செவ்வாயும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவேயில்லை. பேச்சுப்போட்டி என்ற கதையையும் எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும், வேலைக்குப் போகுமுன் நாலு பேருக்கு அளவாக ரோல்ஸ் பொரித்து மேசையில் மூடிவைத்துவிட்டுப் போவார்.

பொய் சொன்னதால் அம்மாவுக்கு என்னில் தீராத கோபம் என்றே அந்தக் கோடை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.