என் வீட்டு அறிவாளி

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். எந்த நாட்டு அதிபர் எந்த விமானத்தில் போகிறார், நிலாவில் ஒரு மனிதனின் எடை எவ்வளவு குறையும், எந்தக் கிழமை நகம் வெட்டினால் லட்சுமி வீட்டை விட்டுப் போவாள், எல்லாம் தெரியும். சங்கராபுரத்தில் ஒரு உரக்கடையில் வேலை. கடையில் பாதி நேரம் செல்போன், வீட்டுக்கு வந்தால் முழு நேரமும் செல்போன். கேட்டால், "நாலு விஷயம் தெரிஞ்சிக்கினா தப்பா?" என்பார். அந்த நாலில் ஒன்றாவது நம் வீட்டு விஷயமாக இருக்கக் கூடாதா என்று கேட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

எனக்குப் பென்சிலின் ஆகாது. அவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்டது இந்த ஒன்றைத்தான். மகள் பிறந்த சமயம் கள்ளக்குறிச்சியில் அந்த ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சு அடைத்து, உயிர் போய் உயிர் வந்தது. "இந்த மருந்து இனிமே இவங்க உடம்புல ஏறவே கூடாது. வூட்ல இருக்கிறவங்க எல்லாரும் தெரிஞ்சி வெச்சிக்குங்க" என்றார் டாக்டரம்மா. அன்று கடையில் லோடு இறங்குகிறது என்று இவர் சாயங்காலம்தான் வந்தார். அதற்குள் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றே சொன்னேன். பிறகு சோறு போடும்போது சொன்னேன், பஸ்ஸில் போகும்போது சொன்னேன். சொல்லும்போதெல்லாம் கண் போனில், வாயில் ஒரு "ம்ம்". அந்த "ம்ம்"மைக் கொண்டுபோய் அடுப்பில்தான் போட வேண்டும்.

அவரும் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய அண்ணன் பெண்சாதி கையில் புருஷன் பேரைப் பச்சை குத்தியிருக்கிறாள். "நீயும் என் பேரைக் குத்திக்கினா இன்னா, கை தேஞ்சிடுமா?" என்பார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன வருஷம் சாமை அறுப்புக்கு வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். வந்த அன்றே கடைவாய்ப் பல் குத்த ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஒரு பக்கக் கன்னம் இட்லி மாதிரி உப்பியிருக்கிறது. வாயைத் திறக்க முடியவில்லை, ஒரு சொல் வெளியே வரவில்லை, ஜுரம் வேறு அனலாகக் கொதிக்கிறது. பைக்கில் உட்காரவைத்து, மலைமேலேயே இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

டாக்டர் பார்த்தார். "பல்லுல சீழ் வெச்சிருக்கு. ஊசி போடணும். இவங்களுக்கு ஒத்துக்காத மருந்து எதுனா இருக்கா சார்?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். எத போட்டாலும் தாங்கும்" என்றார் என் வீட்டு அறிவாளி.

ஒரு நொடி யோசித்தாரா? இல்லை. ஜுர மயக்கத்தில் நான் சுதாரிப்பதற்குள் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

பெஞ்சில் படுக்கவைத்தார்கள். சிஸ்டர் மருந்தை எடுத்துக்கொண்டு வந்து, "பென்சிலின் இல்லீங்களா, மொதல்ல தோல்ல ஒரு துளி போட்டுப் பாப்போம்" என்றார். போன தடவை என்னைச் சாகக் கிடத்தியதும் அந்தத் துளிதான். அந்தப் பெயர் காதில் விழுந்தும் மனுஷனுக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. "சிஸ்டர், ஆக்டோபஸுக்கு மூணு இதயம் இருக்காம், தெரியுமா?" என்று அவரிடம் ஆரம்பித்துவிட்டார். எனக்கு இருப்பது ஒன்றுதான். அது அடித்துக்கொண்ட அடி எனக்கல்லவா தெரியும்! கையை வெடுக்கென்று இழுத்தேன். தலையை ஆட்டினேன். காலை உதைத்தேன்.

அவர் சிரித்தார். "ஊசின்னா அவளுக்கு பயம் சிஸ்டர். நான் புடிச்சிக்கிறேன், நீங்க போடுங்க."

சொன்னதோடு நிற்காமல் என் கையைப் பெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். தாலி கட்டின கை. ஊசி முனை தோல் பக்கம் வந்துவிட்டது. எப்படித் திறந்தேனோ தெரியாது, வாயைப் பிளந்து, "பென்சிலின் ஆகாது!" என்று கத்தினேன். தாடை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். சீழ் உடைந்து, ரத்தமும் அதுவுமாகப் புடவையெல்லாம் கொட்டியது. சிஸ்டர் ஊசியோடு பின்வாங்கி, டாக்டரிடம் ஓடினார். மருந்தை மாற்றினார்கள்.

இவர் என் கையை விட்டுவிட்டு, "மொதல்லியே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

அட பாவி மனுஷா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது மட்டும் என் வாய் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி தாங்கியிருக்காது.

வீங்கின கன்னம் வடிந்தது, கோபம் வடியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, வந்தவர் போனவரிடமெல்லாம், "நல்ல வேளை, பக்கத்துல நான் இருந்தேன்" என்று இவர் கதை சொன்னார். மருந்து ஒவ்வாமை பற்றி ஒரு வீடியோவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, எல்லாரும் கட்டாயம் பாருங்கள் என்று எழுதினார். ஆளாளுக்குக் கைகூப்பினார்கள். சரி, இப்போதாவது மண்டையில் ஏறியிருக்கும் என்று, தைமாசம் திருக்கோவிலூர் ஆற்றுத் திருவிழாவுக்குப் பஸ்ஸில் போகும்போது கேட்டேன்.

"எனக்கு இன்னா மருந்துங்க ஆகாது?"

கை பாக்கெட்டுக்குப் போனது. போனை நான் முந்திக்கொண்டு எடுத்துவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தார். "அதான்... பாராசிட்டமால்" என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆற்றங்கரையில் ஒரு பையன் மெஷின் வைத்துப் பச்சை குத்திக்கொண்டிருந்தான். நேரே போய் அவன் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். இவருக்கு முகமெல்லாம் பல். வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் பேரு சொல்லுக்கா" என்றான் பையன்.

"பென்சிலின் ஆகாதுன்னு குத்துப்பா. பெருசா குத்து."

பையன் இவரைப் பார்த்தான். இவர் போனை இறக்கினார். "அப்ப என் பேரு?"

"உங்க பேரு எதுக்குங்க? அத வெச்சிக்கினு டாக்டர் இன்னா பண்ணுவாரு?" என்றேன்.