தள்ளிவிடச் சொன்ன காட்சி

படம் வந்த மறுநாளே மேனேஜர் என் பிரொஜெக்டர் கேபினுக்கு ஏறி வந்துவிட்டார். அவர் படியேறினால் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். இன்டர்வலுக்குப் பிறகு வரும் ஒரு காட்சிக்கு முன்வரிசையில் ஊளையிடுகிறார்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அதைத் தள்ளிவிடு என்றார்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் நான் ஆபரேட்டர். ஐந்தாம் வகுப்போடு வேலைக்கு வந்தவன். பிலிம் காலத்தில் வேண்டாத பாட்டை வெட்டி டப்பாவில் போட்டுவைப்போம். இப்போது படம் சர்வரில் இருக்கிறது. அந்த இடம் வரும்போது முன்னால் தாண்டிப் போய்விடலாம். பாட்டு, சண்டை என்று நிறையத் தாண்டியிருக்கிறேன். யாரும் வந்து கேட்டதில்லை.

இந்தக் காட்சி மிகவும் சின்னது. கதாநாயகனின் அக்கா வங்கியில் வேலை பார்ப்பவள். தம்பி அவள் வீட்டுக்கு வருகிறான். அங்கே இன்னொரு பெண் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவளும் தானும் தம்பதியாகத்தான் வாழ்வதாக அக்கா சொல்கிறாள். தம்பி தட்டில் இருந்த தோசையைத் தின்று முடித்துவிட்டு, இன்னொரு தோசை கேட்கிறான். அவ்வளவுதான். அன்றே தள்ளிவிட்டேன்.

ஞாயிறு மேட்னி இன்டர்வலில் கேபின் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கல்லூரியில் படிக்கும் வயது. பெண்களோடு பேச எனக்குக் கூச்சம். பிரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டே என்ன வேண்டும் என்று கேட்டேன். முதல் நாள் பார்த்த அந்தக் காட்சி நேற்று வந்தபோது இல்லை, இன்று ஒருமுறையாவது போட வேண்டும் என்றாள். கீழே அவள் அம்மா உட்கார்ந்திருக்கிறாராம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு அலுத்து வந்தவரைக் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறாள்.

"அதுல அப்படி என்னம்மா இருக்கு?" என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

"நான் பாத்த படத்துல எல்லாம் என்னை மாதிரி ஒருத்தி வந்தா, ஒண்ணு அவளை வச்சு சிரிப்பாங்க, இல்லன்னா சாகடிச்சிருவாங்க. இந்த அக்கா காலைல பஸ் புடிச்சு வேலைக்குப் போறாங்கண்ணே. எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அந்த அக்கா சொல்லட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

பெல் அடித்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள். அந்த இடம் வந்தபோது நான் எதையும் தொடவில்லை.

ஊளை எழுந்தது. "படத்தைப் பாக்க விடுங்கடா" என்று யாரோ அதட்டினார்கள். கேபின் துவாரம் வழியாக இருவரையும் தேடிப் பிடித்தேன். மகளின் தலை திரையை விட்டுத் திரும்பவில்லை. அம்மா திரையைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் விட்டதும் கீழே இறங்கினேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இருவரும் நின்றிருந்தார்கள். அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"ஹாஸ்டல்ல உன்கூட ஒரு பொண்ணு இருக்கே, எப்பப் பாத்தாலும் போன் பண்ணுமே, அது பேரு என்ன சொன்ன?"

மகள் மெதுவாகப் பெயரைச் சொன்னாள். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. முகமும் தெளியவில்லை. ஆனால் ரோட்டைக் கடக்கும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

மேனேஜருக்குக் கோபம். "யாரைக் கேட்டுய்யா ஓட்டின?"

"ஒருத்தங்க அதைப் பாக்கத்தான் வந்திருந்தாங்க."

"மத்தவங்க?"

"மத்தவங்க மத்ததைப் பாத்துட்டுப் போயிட்டாங்க சார்."

அவரிடம் நான் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். படம் மாறும்வரை நான் அந்தக் காட்சியைத் தள்ளவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தக் காட்சி தேவையில்லை என்பது கேபினிலிருந்து தெரியாது. இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எதற்காக வந்தார்கள் என்று நமக்குச் சொல்லிவிட்டு உட்காருவதில்லை. அந்தப் பெண் படியேறி வந்து சொன்னாள். சொல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் யார் யாரோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.